குமிழி படிக்கிறவன்

தாசிம் சைக்கிள் கடையில்
சித்திரக்கதை ஒருநாள் வாடகை நாலணா.
அட்டையில் நாயகன் மட்டும்.
கையாள் மூன்றாம் பக்கத்தில்தான் வருவான்,
அரைக்கால் சட்டையும் முகமூடியுமாக.
முகமூடி எதற்கென்று எனக்கு விளங்கியதேயில்லை.
அவனை யார் தேடப்போகிறார்கள்?

சகுபருக்கு அவன் வாப்பாவின் சிவப்புத் துண்டு.
எனக்குக் கொசுவலைக் கிழிசல்.
கீழக்கரைப் பாலத்திலிருந்து அவன் பறந்தான்.
ஆறடி உயரம், முழங்கால் ஆழம், மூன்று தையல்.
நான் "ஜாக்கிரதை!" என்று கத்தினேன்.
கையாளுக்கு அந்த ஒரு வசனம்தான்,
அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

இன்று அப்பா தீவுக்குத் தெற்கே வல்லம் ஆடுகிறது.
கீழே ஆறு பாகத்தில் சகுபர் சங்கு தடவுகிறான்.
கம்ப்ரசரிலிருந்து மஞ்சள் டியூப்
என் உள்ளங்கை வழியாகப் போய்
அவன் வாயில் முடிகிறது.
ஒரு இழுப்பு வந்தால் இன்னும் விடு.
இரண்டு வந்தால் பையைத் தூக்கு.
மூன்று வந்தால் என்னைத் தூக்கு.

மூன்று இதுவரை வந்ததில்லை.
போன பங்குனியிலும் வரவில்லை.
பெல்ட் கழன்று கம்ப்ரசர் இருமி அடங்கியபோது
டியூப் அசையவேயில்லை,
குமிழிகள்தான் நின்றன.
இழுத்தேன். தோல் உரிய இழுத்தேன்.
மூக்கில் ரத்தத்தோடு வந்தவன்
மூச்சு வாங்கியதும் ஏசினான்:
"அடேய் களஞ்சியம், வலம்புரிடா!
விரல் நுனியில இருந்துச்சு!"

அந்த வலம்புரி டீக்கடையில் வளர்ந்துகொண்டே போகிறது.
சித்திரையில் தேங்காய் அளவு இருந்தது,
இப்போது தவலை.
கதையில் நான் "மேலேருந்து எவனோ இழுத்துட்டான்."
பங்கில் அவனுக்கு இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று,
எனக்கு அரை.
எஞ்சினிடம் எனக்குக் கோபமில்லை.
சகுபரிடம்,
சில நாள் உண்டு.

சித்திரக்கதைக் குமிழிக்குள் எழுத்து இருக்கும்.
இங்கே வெறும் குமிழி.
ஆனாலும் வாசிக்கலாம்.
கொத்தாக வந்தால் நீந்துகிறான்.
விட்டு விட்டு வந்தால் பாறை இடுக்கில் கை விட்டிருக்கிறான்.
பொடிப்பொடியாக வந்தால்
என்னத்தையோ பார்த்துச் சிரிக்கிறான்,
மேலே வந்து சொல்ல மாட்டான்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.
ஒரு மணி நேரமாக மூத்திரம் முட்டுகிறது.
பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது.