கடல் உறைந்ததும்

கடல் உறைந்ததும் வருகிறேன் என்றான் இலாங்குவாக்
அக்டோபரின் கடைசிப் படகில் ஏறும்போது.
நவம்பர் என்று அதற்குப் பொருள்.
இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும்
அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நவம்பரில் சூரியன் சொன்னபடி போய்விட்டது.
கடல்தான் சொன்னபடி கேட்கவில்லை.
நீரிணை முழுக்கக் கூழ்.
படகுக்குக் கெட்டி, சறுக்குவண்டிக்கு இளசு.
முப்பது கிலோமீட்டர்.
வானம் தெளிந்த இரவுகளில் அவன் ஊர் விளக்குகள்
கத்தியில் ஒட்டிய செதில்கள்போல் மினுங்கும்.

மீன் தொழிற்சாலையில் எனக்கு எடைபோடும் வேலை.
தராசுக்கு அந்தப் பக்கம் நின்று பிபியானே சொல்கிறாள்:
இன்னும் காலம் ஆகவில்லையடி,
நாம்தான் அவசரப்படுகிறோம்.
சுவரில் நாட்காட்டி. டிசம்பர் பதினேழு.
அவள் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

அன்றிரவு மழை.
பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டி
யார் நம் கூரையில் சரளைக்கல் எறிவது
என்று கேட்டான்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோம்.
அவன் பின்னால் சங்கிலியில் நாய்கள்.
பதினொன்று இருந்தன.
கிறிஸ்துமஸ் அன்று பத்து எண்ணினேன்.
வயதான பெட்டை ஒன்று செத்துவிட்டது என்றான்.
ஜனவரியில்
போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கப் பழகிவிட்டான்:
அவன் தொப்பி, அவன் முகம்,
பாக்கியெல்லாம் இருட்டு.

ஓடாத நாய்க்கும் பசிக்கும்.
தீவனம் மூட்டை என்ன விலை என்று எனக்குத் தெரியாதா.
துப்பாக்கியைப் பற்றி நான் கேட்கவில்லை.

பிப்ரவரி ஒன்பது. காற்று நின்றது.
கரையிலிருந்து ஒரு கல்லை வீசினேன்.
மூழ்கவில்லை. ஓடியது,
குஞ்சுப் பறவைபோல் கீச்சிட்டபடி
வெகுதூரம்.
ஈட்டித்தடியால் குத்திப் பார்த்தேன்.
மூன்று குத்துத் தாங்கினால் மனிதன்,
ஐந்து தாங்கினால் நாய்வண்டி.
நான்காம் குத்தில் தண்ணீர்
கறுப்பாய், அவசரமே இல்லாமல் ஏறிவந்து
என் பூட்ஸை நனைத்தது.

இரவு அவன் போனை வெளியே நீட்டினான்.
கேள், என்றான்.
ஒன்றும் கேட்கவில்லையே.
அதைத்தான் கேட்கச் சொன்னேன். அலை இல்லை.

கொஞ்ச நேரம் இருவரும்
அந்த இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு, ஏழு நாய் போதுமா இவ்வளவு தூரத்துக்கு
என்றான், தன்னையே கேட்பதுபோல்.
எண்ணிக்கையை அவன் வாயால் சொன்னது
அதுதான் முதல்முறை.

ஆள் ஒருவன்தானே, போதும்.
இன்னும் இரண்டு நாள் பொறுத்து வா.
மெதுவாக வா.
ஓரமாக வா என்று சொல்ல வந்து
கடலுக்கு ஏது ஓரம் என்று நிறுத்திக்கொண்டேன்.

கூரையில்
முதல் சரளைக்கல்.