குழவி

ஏகாம்பரகுப்பத்தில் குழந்தைகள்
சத்தத்தில்தான் தூங்கும்.
எதிர்ச்சாரியில் பதினாறு தறி, எங்கள் சாரியில் பன்னிரண்டு,
விடிய விடிய டடக் டடக்.
கரண்டு போன நொடியில்
தெரு முழுக்கத் தொட்டில்கள் வீரிடும்.

எனக்கும் அப்படித்தான்.
தறி ஓடும்வரை ஒன்றுமில்லை.
நின்றதும் கேட்கும்,
என் குரலிலேயே, எனக்கு மட்டும்:
நீ இல்லாவிட்டால் இது நன்றாக வளரும்.

பெற்று நாற்பத்தோரு நாள்.
பூண்டுக் குழம்பு, காதில் பஞ்சு.
உடம்பில் எந்தெந்த வாசலில் காற்று புகும் என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கேட்டேன்.
போட்டார் சிகாமணி.
மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைக்கச் சொன்னேன்.
எதுக்கு?
எலி விழுதுங்க.
எலி எதுவும் இல்லை.
பாப்பாவைக் குளிப்பாட்டும்போதெல்லாம்
கண் அந்தப் பக்கம் போய்
கை சில்லிட்டுவிடும்.
இதை எந்த வாயால் சொல்ல?

ஆஷா வேலைக்கு வரும் ஹைமாவதி
தெலுங்கில் அச்சடித்த தாளோடு வந்தாள்.
எடை, தடுப்பூசி, பால்.
பிறகு தாளைப் பார்க்காமல்,
"நித்ர பட்டிந்தா?"

அவர்கள் மொழியில் தூக்கம் வருவதில்லை,
பிடிக்கிறது, மழை மாதிரி, பேய் மாதிரி.
என்னைப் பிடித்திருப்பது தூக்கமில்லை என்று சொல்ல
என் தெலுங்கு போதவில்லை.
தக்காளி வாங்கத்தான் போதும்.
"கண்ணீர்" என்றேன்.
"கன்னீரு" என்று
ஓர் உகரம் சேர்த்து எழுதிக்கொண்டாள்.
பேனாவை மூடினாள்.
கீழே உட்கார்ந்தாள்.

தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி,
இரண்டு மொழியையும் போட்டுக் குழப்பி,
தொட்டியைச் சொன்னேன். இல்லாத எலியைச் சொன்னேன்.
அவள் பாப்பாவைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.
"மூடி போட்டதும் நீதானே" என்றாள்.

திருப்பதி பஸ். பெரிய ஆஸ்பத்திரி.
ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு
எட்டாம் நம்பர் அறைக்கு வெளியே
பாப்பாவைத் தோளில் போட்டு நின்றார் சிகாமணி.
டாக்டரம்மா இதற்கு ஒரு பெயர் சொன்னார்.
பெயர் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.
அப்படியென்றால்
எனக்கு முன்னால் யாருக்கோ வந்திருக்கிறது.

மாத்திரையில் வாய் உலர்ந்தது.
ராத்திரி இரண்டு மணி அழுகை அவர் கணக்கு.
சில நாள் சரி. சில நாள் இல்லை.
ஆடியில் ஒரு சாயங்காலம் ரொம்ப மோசம்.
ஹைமாவதிக்குப் போன் போட்டு
ஒன்றும் பேசாமல் காதில் வைத்திருந்தேன்.
அவளும் வைத்துவிடவில்லை.

நேற்றுக் காலை கரண்டு போனது.
தெரு வீரிட்டது. பாப்பாவும்.
இடுப்பில் தூக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றேன்.
பசிக்கிறது என்பதைத் தவிர
யாரும் எதுவும் சொல்லவில்லை.
இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மிக்ஸி ஓடாது.
பால் குடித்ததைப் பாயில் போட்டுவிட்டு
பின்கட்டிலிருந்து குழவியைத் தூக்கி வந்து
தேங்காயும் பச்சைமிளகாயும் வைத்து அரைத்தேன்.
கழுவிச் சுவரோரம் சாய்த்தேன்.

திரும்ப மூடிமேல் வைக்கவில்லை என்பது
இன்று மத்தியானம்தான்
நினைவுக்கு வந்தது.