ஏழு பவுண்டு

ஒன்பது புள்ளி பூஜ்யம் மூன்று.
அந்தப் பூஜ்யம் மூன்றுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

பக்கத்து இருக்கை போயிற்று. ஹீட்டர், ரேடியோ,
கண்ணாடி இறக்கும் கைப்பிடிகூடப் போயிற்று.
டெல்மர் மூன்று வாரமாய் இரவில்
வெறும் தக்காளிச் சாறு.
மிச்சம் இருந்தது பின் அச்சு.

பகலெல்லாம் எண்ணெய்க் கிணற்றுத் தண்டுகளுக்கு
நான் துளையிடும் இயந்திரம்
ஆர்ட்மோரின் ஆகஸ்ட் இரவில் எனக்காக ஓடியது.
முதலாளிக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி விளக்கை அணைக்காமல் போவார்.

முறுக்கைத் தாங்குவது உருக்கின் மேல்தோல்.
நடுவில் கிடப்பது
கூடவே சுற்றும், அவ்வளவே.
"நம்ம கார்வின் மாதிரி" என்றான் டெல்மர்.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தம்பி
தலை தூக்கவில்லை.

முப்பது அங்குல நீளம், முக்கால் அங்குலத் துளை.
அவசரப்பட்டால் துரப்பணம் வளையும்,
துளை ஓரம் போகும்,
ஒரு பக்கத் தோல் மெலியும்.
பச்சை விளக்கு விழும் நொடியில்
அந்த இடம்தான் பழிவாங்கும்.
நான் அவசரப்படவில்லை.
விடிகாலை நாலு மணிக்கு
அச்சின் ஒரு முனையில் கண் வைத்தேன்.
மறுமுனையில், காசளவு வட்டத்தில்,
கார்வினின் சட்டைப் பொத்தான்.
குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை. எடைமேடை.
டூலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இரண்டாம் முறையும் பார்த்தார்.
"இந்தப் பிரிவுக்கு ஆறு பவுண்டு குறைகிறது."
டெல்மர் பட்டினி கிடந்ததை
நாங்கள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.
வரிசையில் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
கைவசம் ஈயக்கட்டி ஒன்றுமில்லை.

கார்வின் லாரிக்குப் போனான்,
ஓடவில்லை, நடந்துதான் போனான்.
திரும்பும்போது கையில் ஒரு காப்பி டப்பா.
உள்ளே, சுத்தியலால் இடித்து இறுக்கிய
உருக்குச் சீவல், இரண்டு அச்சினுடையதும்.
"எதுக்குடா இது?"
"தெரியல. பளபளன்னு இருந்தது."

ஏழு பவுண்டு.
பின்பெட்டியில் நாலு போல்ட் போட்டு முடுக்கினோம்.
அதே இரும்பு. இனி அது சுற்ற வேண்டாம்,
சக்கரத்தோடு குதிக்க வேண்டாம்,
சும்மா உட்கார்ந்து வந்தால் போதும்.

அச்சு முறுக்கிக்கொள்ளவில்லை.
புகை கலைந்ததும் பலகையைப் பார்த்தோம்:
ஒன்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

டெல்மர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
வண்டிக்குள் வெகுநேரம் இருந்தான்.
கார்வின் விதைப் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினான்.
மூன்று வாரத்தில் முதல் முறையாக
அவன் எதையோ மென்றான்.