மேற்கு ஜன்னல் பாத்தி

மடிப்பாக்கத்தில்
பதினோரு அடி நீளம், நாலடி அகலம்,
ஜன்னலுக்கும் இடுப்பளவு மதிலுக்கும் நடுவில்.
இவ்வளவுதான் என் சாகுபடி.
மதிலுக்கு அந்தப்பக்கம்
தெய்வசிகாமணி சாரின் பாதாம் மரம்,
இந்தப்பக்கம் அதன் நிழல்.
மரம் அவர் பெயரில் இருந்தது.
நிழலுக்குப் பட்டா இல்லை.

அந்தத் தைரியத்தில்
கோத்தகிரியிலிருந்து கூரியரில் வரவழைத்தேன்
ஹோஸ்டா.
ஈரத்தாளில் சுற்றிய மூன்று வேர்க்கட்டைகள்,
சேப்பங்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கைகள் மாதிரி.
குளிரில் தூங்கி எழுந்தால்தான் இலை விடும் என்றது
கூட வந்த துண்டுச்சீட்டு.
நம்ம ஊர் மார்கழி
அதற்குக் கொட்டாவிக்கும் காணாதாம்.
ஆடியிலும் ஆவணியிலும்
ஃப்ரிட்ஜின் காய்கறி டிராயரில் கிடத்தினேன்,
மேல்தட்டில் இட்லி மாவு
சத்தமில்லாமல் புளித்துக்கொண்டிருந்தது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை விநோதன்
கருணைக்கிழங்கு என்று நினைத்து
ஒன்றைப் பாதி தோல் சீவிவிட்டான்.
மிச்சம் இரண்டு.

இரண்டும் முளைத்தன.
பீடியாய்ச் சுருண்டு வந்த இலை
விரிந்து உள்ளங்கையானது,
ஓரம் மட்டும் மோர் நிறம்.
ஐப்பசி மழையில் நத்தைகள் வந்தன,
ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு.
ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு குனிந்து
வாளியில் பொறுக்கிப் போட்டேன்.
எதிர்வீட்டு பால்கனியிலிருந்து
"என்னம்மா தொலைச்சீங்க?" என்றது ஒரு குரல்.

தையில் அவர் வீட்டை விற்றார்.
மாசியில் ஒரு நாள்
பாதாம் மரம் காலை ஒன்பதுக்கு இருந்தது.
சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால்
அந்த இடத்தில் வானம்.

வெயில் மதிலேறிக் குதித்து
பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தது,
ஐந்துக்குத்தான் எழுந்தது.
மோர் நிற ஓரம் முதலில் அப்பளமாயிற்று,
பிறகு நடு.
பழைய வேட்டியை நாலு கம்பில் கட்டிப் பார்த்தேன்.
வேட்டி வெளுத்தது.
இலை கருகியது.

சரி, வெயிலுக்குப் பிறந்ததைத் தேடுவோம் என்று கிளம்பி
வேளச்சேரி நர்சரியில் இட்லிப்பூ அறுபது ரூபாய்,
கல்வாழை இரண்டு கிழங்கு.
கேட்டுக்கு வெளியே சிமென்ட் வெடிப்பில்
யாரும் நடாமல் நின்ற நித்தியகல்யாணியை
கெஞ்சிப் பிடுங்கி உள்ளே அழைத்தேன்.
எல்லாம் பல்லாண்டுச் செடி என்றான் நர்சரிக்காரன்.
யாருடைய ஆண்டு என்று சொல்லவில்லை.

அந்தப்பக்கம் தூண் எழும்பியது.
புதுக் கான்கிரீட்டுக்கு ஊற்றிய தண்ணீர்
மதில் ஓட்டை வழியே இறங்கிப் பாத்தியில் தேங்க
இட்லிப்பூ இலை மஞ்சளாகி
நரம்பு மட்டும் பச்சையாய் மிஞ்சியது.
சுண்ணாம்பு.
சண்டைக்குப் போனேன்.
மேஸ்திரி இல்லை, சஞ்சுக்தா இருந்தாள்,
ஒடிசாக்காரி, தகரக் கொட்டகையில் காவல்.
என் தமிழ் அவளுக்குப் புரியவில்லை,
மஞ்சள் இலை புரிந்தது.
மறுநாள் ஓட்டையில்
சாக்கும் களிமண்ணும் அடைத்திருந்தது.

சாயங்காலம் மதிலோரம் வந்து
கல்வாழையைக் காட்டி
ஒரு விரல் நீட்டினாள்.
கிழங்கோடு பெயர்த்துக் கொடுத்தேன்.
பெயின்ட் டப்பாவில் நட்டாள்,
அடுத்த சைட்டுக்குத் தூக்கிப்போகத் தோதாக.
முதல் பூ
அவள் டப்பாவில்தான் விட்டது.
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

போர்டில் எழுதியிருக்கிறது: ஸ்டில்ட் பிளஸ் நாலு.
நேற்று இரண்டாம் தளம் தளம்போட்டார்கள்.
இன்று வெயில்
இரண்டு மணிக்கே எழுந்து போய்விட்டது.
கல்வாழையை எங்கே மாற்றுவது,
மொட்டைமாடிக்கு விநோதன் சம்மதிப்பானா
என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில்
கேட்டுக்கு வெளியே அதே வெடிப்பில்
இன்னொரு நித்தியகல்யாணி
இரண்டு இலையோடு.

கருகிய ஹோஸ்டாவைத் தோண்டினேன்.
ஒன்று கூழாகியிருந்தது.
மற்றதை நகத்தால் கீறினால்
உள்ளே வெள்ளை, கெட்டி.
கழுவி, ஈரத்தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு
மூடிமேல் மார்க்கரில் எழுதினேன்:
கருணைக்கிழங்கு இல்லை.
நாலாவது மாடி வரை தொடாதே.