நடுசாலை

மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
மல்கோவா, இமாம்பசந்து, குண்டு, நடுசாலை என்று
பெட்டிக்குப் பெட்டி பெயர் எழுதிப் பழகிய கை.
சித்திரை இரவில், ஐந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
லாரிகள் இரண்டு புறமும் விலகிப் போக
வெள்ளைக் கோட்டின் மேல் நின்றிருந்த நாய்க்கு
வேறென்ன பெயர் வைப்பேன்?

ஆரன் அடிக்க அடிக்க அசையவில்லை.
பிடிவாதம் என்று நினைத்துத்தான் வண்டியை நிறுத்தினேன்.
கிட்டப் போனால்
இரண்டு கண்ணிலும் மோர் ஊற்றினாற்போல் வெள்ளை.

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:
பழைய புண். பார்வை திரும்பாது.
வயது நாலு இருக்கும். மற்றதெல்லாம் நன்றாயிருக்கிறது.
அந்த மற்றதெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு
இரண்டு மாதம் ஊர் முழுக்க அலைந்தேன்.

அழகாபுரத்து அம்மா ஒருவர்
போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்து
லேப்ரடார் கலப்பு இருக்குமா என்றார்.
பேர்லேண்ட்ஸ்காரருக்குக் காவல் கவலை.
இன்னொருவர் ஆயிரம் ரூபாய் அனுப்பிவைத்தார்.
நாயை அனுப்பாதே என்று அதற்குப் பொருள்.

அம்மாப்பேட்டை செங்கோடன் மட்டும்
கேள்வியே கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்.
மூன்றாம் நாள், மொபெட்டில் முன்னால் உட்காரவைத்து
அவரே திரும்பக் கொண்டுவந்தார்.
"வீட்ல ஆறு தறி ஓடுதுங்க. நிறுத்துனா சோறில்ல.
அந்தச் சத்தத்துல சுவரு எது வாசல் எதுன்னு புரியாம
ஒரே எடத்துல நின்னு மூத்திரம் போவுது.
காதுதானுங்களே அதுக்குக் கண்ணு.
ரெண்டாந்தடவ குருடாக்கிட்டேன் நான்."
புதுச் சங்கிலியையும் தட்டையும் வைத்துவிட்டு
தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.
நன்றி சொல்லத் தோன்றியபோது
தெருமுனை திரும்பியிருந்தார்.

ஆடி பிறந்தது. மண்டியில் பழம் தீர்ந்தது.
வீட்டுக்காரர் தந்த கெடுவும் தீர்ந்தது.
பதினான்கு படிகளையும் எண்ணி இறங்க
நாய் அப்போதுதான் கற்றிருந்தது.
ஏற்காட்டிலிருந்து ஒரு போன்.

"எம்பேரு அமலோற்பவம். மஞ்சக்குட்டை.
காப்பிக்கொட்டை ஸ்டோர்ல வேலை.
என் வீட்ல எதையும் நகத்தமாட்டேன்.
பதினோரு வருசமா ரெண்டு கட்டிலும் அங்கதான்,
நாற்காலி அங்கதான், பானை அங்கதான்.
பைத்தியம்னு தங்கச்சி திட்டுவா.
ஒங்க நாய்க்கு அது ஒத்துவருமா?"

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஏழாவதில் வாந்தி எடுத்தது, பன்னிரண்டில் மறுபடி.
பிறகு ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்தது.
ஈரமண். மிளகுக்கொடி. யார் வீட்டு விறகோ.
மேலே மூடுபனி.
மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு டிரைவர்
ஒரு மண்ணும் தெரியலையே என்று முனகினார்.
பின்சீட்டில் இருந்த இருவரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு கட்டிலில் ஒன்றின் விரிப்பு
மடிப்புக் கலையாமல் இருந்தது.
நான் கேட்கவில்லை.

நடுசாலை சுவரோரமாய்ப் புறப்பட்டது.
கட்டில் காலில் ஒரு இடி.
நாற்காலியில் ஒன்று.
பானையை மோந்து, நின்று, திரும்பி வந்தது.
இரண்டாம் சுற்றில் கட்டிலை மட்டும் தொட்டது.
மூன்றாவதில் எதிலும் படவில்லை.
வாசலிலேயே நின்ற அமலோற்பவம்
வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே மலை இறங்கினேன்,
அவளிடம் கொடுக்க மறந்து.

தையில் ஒருநாள் அவள் எண்.
திருப்பித் தரப்போகிறாள் என்றே எடுத்தேன்.
"கட்டில நகத்திட்டேன்" என்றாள்.
எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியும்.

"வெயிலு இப்பல்லாம் அந்தாண்ட தள்ளி விழுது.
அவன் போய் அங்கதான் படுக்குறான்.
கட்டிலு மறைச்சுது.
ஒரு முழந்தான்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது,
யாருடையதோ.

"ரெண்டு நாளு இடிச்சுக்கிட்டான்.
இப்பப் பழகிட்டான்."