திறப்பு

பூச்சு சரியில்லை.
உள்ளுக்கை காலெடுத்து வைச்ச உடனை
நான் சொன்ன முதல் கதை அதுதான்.
யன்னலுக்குக் கீழை மட்டம் பிழை,
மணல் கூடிப்போச்சு, சீமெந்து காணாது.
மெற்றில்டா மிஸ் சிரிச்சா.
"மேசனுக்கு வீடு குடுத்தால் இதுதான்" எண்டா.

எத்தினை வீடு கட்டியிருப்பன்.
கொக்குவிலிலை கனடாக்காரற்றை மாடி,
சுண்டுக்குளியிலை வரிசையா மூண்டு கடை.
நிலை வைக்கிற நாளிலை மஞ்சள் பூசித் தேங்காய் உடைச்சால்
முதல் சால்வை எனக்குத்தான்.
கடைசி ரெண்டு வருசமும்
அந்தச் சால்வையளிலை ஒண்டை விரிச்சுத்தான்
பஸ் நிலையத்துப் பழக்கடையளுக்குப் பின்னாலை படுத்தனான்.

அதெப்பிடி எண்டு கேக்காதேங்கோ.
சாரம் முறிஞ்சு விழுந்தன் எண்டும் சொல்லலாம்,
விழ முதலே குடிச்சிருந்தன் எண்டும் சொல்லலாம்.
கடன்காரர் வாறது புதன்கிழமை.
வசந்தமலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு
செட்டிகுளத்துக்குத் தமையன் வீட்டை போனது
ஒரு செவ்வாய்.

அரியாலையிலை, உப்புக்காத்து வாற பக்கம்,
இருவத்திநாலு வீடு.
ஒரு அறை, ஒரு குசினி, கக்கூசு உள்ளுக்கை.
வாடகை உழைப்பிலை நாலிலை ஒண்டு;
உழைப்பில்லாத மாசம் கொப்பியிலை எழுதி வைப்பினம்.
"குடிக்கமாட்டன் எண்டு கையெழுத்து வைக்கோணுமோ?"
"வேண்டாம். முதலிலை ஒருக்கால் நித்திரை கொள்ளுங்கோ."

ரெண்டு திறப்புத் தந்தவை.
ஒண்டை அரைநாண் கயித்திலை முடிஞ்சன்.
மற்றதை ஆரிட்டைக் குடுக்கிறது?
ஆணியிலை கொழுவிப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தன்.

நித்திரை வரேல்லை.
பஸ் உறுமாத இருட்டு காதுக்கை குத்திச்சுது.
செருப்பைத் தலைக்குக் கீழை வைச்சுத்தான் படுத்தன்.
பூட்டின கதவுக்கு உள்ளை
ஆர் வந்து களவெடுக்கப் போறான்?
தெரியும்.
எண்டாலும் வைச்சன்.

தாதிப்பிள்ளை வந்து பிரசர் பாத்தா.
சுகிர்தன் எண்டொரு பெடியன்
என்ரை அஞ்சு கடன் புத்தகத்தையும் மேசையிலை பரப்பி
பென்சிலாலை கூட்டிக் கழிச்சுப்போட்டுச் சொன்னான்:
"இதிலை ரெண்டு எப்பவோ கட்டி முடிஞ்சுது அண்ணை.
உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

மாரி பிடிச்ச மாசம்
மகளின்ரை பிறந்தநாள் வந்துது.
முதலிலை கள்ளு, பேந்து கசிப்பு.
நாலு நாள்.
அஞ்சாம் நாள் உடுப்பைப் பையிலை அடுக்கி
கயித்திலை இருந்த திறப்பை அவிட்டுக்
கையிலை வைச்சுக்கொண்டு வாசலிலை குந்தியிருந்தன்.
மிஸ் வந்து குடையை மடக்கினா. பையைப் பாத்தா.
"எங்கை பயணம்?"
"திறப்பைத் தரத்தான் இருக்கிறன்."
"நான் திறப்பு வாங்க வரேல்லை.
சாப்பிட்டீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

தேத்தண்ணி வைச்சன். சீனி இல்லை.
ஒரு பனங்கட்டியைப் பாதியா உடைச்சுக்
கடிச்சுக் கடிச்சுக் குடிச்சம்.
பையை அவிழ்க்க எனக்குப் பிறகும் ரெண்டு நாள் பிடிச்சுது.

ஆணியிலை கிடந்த திறப்பைப்
பதினெட்டாம் வீட்டு யோகராணியிட்டைக் குடுத்தன்.
ஒருநாள் நான் கதவு திறக்காட்டில்
நீங்கள் திறந்து பாருங்கோ எண்டன்.
"உந்தச் சில்லுக்கதிரையை உருட்டி நான் வாறதுக்குள்ளை
நீர் செத்துப்போவீர்" எண்டு சொல்லிச் சொல்லி
மடியிலை போட்டுக்கொண்டா.
அடுத்த கிழமை
அவவின்ரை படியை இடிச்சுச் சரிவு கட்டினன்,
பன்னிரண்டுக்கு ஒண்டு, மட்டம் பிசகாமல்.

என்ரை பேருக்கு வந்த முதல் கடிதம்
கறன்ற் பில்.
கட்டின பிறகும் எறியேல்லை.

போன ஞாயிறு பிள்ளை எடுத்தவள்.
"விலாசம் சொல்லுங்கோ அப்பா."
இலக்கம் பதினேழு எண்டு தொடங்கினன்.
எழுதிப்போட்டன் எண்டாள்.
நான் ரெண்டாந்தரமும் சொன்னன்.

யன்னலுக்குக் கீழைப் பூச்சு அப்பிடியேதான் கிடக்கு.
உடைச்சுப் பூசோணும்.
தை பிறந்து, ஈரம் வத்தட்டும்.
அவசரமில்லை.