வடக்கு முகம்

கேமராவுக்கு வெண்மையில் நம்பிக்கை கிடையாது.
எவ்வளவு பனியைக் காட்டினாலும்
சாம்பல் என்றே சாதிக்கும்.
ஒன்றரைப் படி வெளிச்சம் கூட்டினால்தான்
வழிக்கு வரும்.

ஊராட்சி அலுவலகத்து லவெர்ன்
கொடுத்த பட்டியலில் பதினெட்டுக் கட்டடங்கள்.
ஒன்றுக்கு நாற்பது டாலர், பெட்ரோல் என் பொறுப்பு.
நான்கு முகமும் வேண்டும்.
கடைசிக் கட்டத்தில்
'ஆளில்லை' என்று ஒரு டிக்.

"பனியில் எதற்கு, மே மாதம் எடுக்கலாமே?"
"மே மாதம் எடுக்க அவை இருக்காது" என்றாள்,
காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

சஸ்காட்செவன். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஒரு பேட்டரி கேமராவில் சாகும்போது
இன்னொன்று என் அக்குளில் உயிர் பிடிக்கும்.
மூச்சை அடக்கிக்கொண்டுதான்
கண்ணை வைக்க வேண்டும்;
விட்டால் கண்ணாடி முழுக்க ஆவி உறைந்து
அப்புறம் உலகமே இல்லை.

ஹால்வோர்சன் களஞ்சியம்:
பிள்ளைகள் குதித்துப் பாழாக்கிய மெத்தைபோல்
நடுவில் தொய்ந்த கூரை.
ஓரறைப் பள்ளிக்கூடம்:
கரும்பலகை இருந்த இடத்தில்
நான்கு திருகாணி ஓட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைப் பனி.

பனியில் படம் எடுக்கிறவனுக்கு
ஒரே ஒரு தடவைதான்.
கால் வைத்த இடம் வைத்ததுதான்.
கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு
தூரத்திலிருந்தே நன்றாக இருந்தது என்று
திரும்பி வர முடியாது.
அதனால் வேலியோரமாக
இடுப்பளவுப் பனியில்
கள்ளன்போல் சுற்றி வருவேன்.

பதினான்காவது, கொஸ்தியுக் வீடு.
மண்ணும் வைக்கோலும் குழைத்து
மரத்தின் மேல் அப்பிய சுவர்.
உக்ரைனிலிருந்து 1911இல் வந்தவர்கள் கட்டியது.
பேரன்கள் எட்மண்டனில்.
பட்டியலில் லவெர்னின் கையெழுத்து:
இருபது வருடமாகக் காலி.

வடக்கு முகத்தை எடுத்தேன்.
கச்சிதம். சன்னலில் பலகை,
கூரை முழுக்க ஒரே வெள்ளை.
கிழக்கும் அப்படியே.
தெற்கே திரும்பினேன்.

புகைபோக்கியைச் சுற்றி
ஒரு தட்டு அகலத்துக்குக் கூரை கறுத்திருந்தது.
விளிம்பில் உருகி
மறுபடி உறைந்த பளபளப்பு.
வெயிலின் வேலை இல்லை;
வெயில் வட்டம் போடாது.

புகை இல்லை.
பகல் புகை ஊருக்கே தெரியும் என்று அறிந்தவர்கள்.
காலடியும் இல்லை.
முந்தாநாள் பெய்த பிறகு
யாரும் வெளியே வரவில்லை,
அல்லது என்னைப் போலவே
சுற்றி நடக்கத் தெரிந்தவர்கள்.
பலகை இடுக்கில் ஒரு சாக்குத்துணி,
உள்ளிருந்து அடைத்தது.
வெங்காயம் வதங்கும் மணமா,
என் பசியா?

கேமராவுக்கு அந்த வட்டம் பிடித்துவிட்டது.
காலையிலிருந்து தேடிய கறுப்பு கிடைத்ததுபோல்
ஃபோகஸ் தானாகப் போய் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது.
சொன்னால் நம்புங்கள்,
அந்தக் குளிர்காலம் முழுக்க
அதைவிட நல்ல படம் எனக்கு அமையவில்லை.

மூச்சை விட்டேன்.
வேண்டுமென்றே.

படிவத்தில் எழுதியது:
வடக்கு, கிழக்கு மட்டும். மற்ற இரண்டும்
பனி ஆழம், நெருங்க முடியவில்லை.
டிக் போடும் கட்டம் காலி.
பேனாவில் மை உறைந்துவிட்டது என்று
அடுத்த வாரம் லவெர்னிடம் சொன்னேன்.
"மற்ற பதினேழுக்கும் உறையவில்லையே" என்றாள்.
படிவத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஒரு டாலரும் கழிக்காமல்
காசோலை எழுதினாள்.

அது அடுத்த வாரம்.
அன்று, சாலைக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
வேலியோரம் நான் உழுத தடம்
வண்டியிலிருந்து அந்தத் தெற்குச் சுவர்வரை,
யாரோ அம்புக்குறி போட்டு வைத்ததுபோல்.

எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
நாலரைக்கே இருட்டியது.
ஒரு லாரி வந்து, வேகம் குறைத்து,
எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனது.
ஒன்றுமில்லை, வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறேன் என்றேன்,
அந்த இருட்டில்.

ஆறு மணிவாக்கில் வாடை கிளம்பியது.
அக்குளில் பேட்டரி
இன்னும் சூடாக இருந்தது.